சோபா வாடகை கட்டுகிறதா, சார்?

கேளம்பாக்கம் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே, "எந்த ஊருக்கு பஸ் ஏறப் போறீங்க?" என்று கேட்பார்கள். அய்யா, அது கிளாம்பாக்கம்! வண்டலூரைத் தாண்டி, 2023 டிசம்பர் 30-ல் திறந்தார்களே பேருந்து முனையம், அது. நான் சொல்வது கேளம்பாக்கம். எழுத்தில் கொஞ்சம்தான் வித்தியாசம். ஆனால் தப்பாகச் சொல்லி ஆட்டோவில் ஏறினால் 20 கிலோமீட்டர் வித்தியாசம். இரண்டுக்கும் நடுவில் நின்று டிரைவரோடு சண்டை போடுகிறவர்களை வண்டலூர் சாலையில் வாரத்துக்கு நாலு பேராவது பார்க்கலாம்.

கேளம்பாக்கம் ஒரு நாற்சந்தி. வடக்கே போனால் சிறுசேரி, நாவலூர் வழியாகச் சென்னை. தெற்கே திருப்போரூர். மேற்கே வண்டலூர், தாம்பரம். கிழக்கே கோவளம், அதற்கு மேல் போனால் வங்காள விரிகுடா. சாலைக்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தும் எல்லோர் வாயிலும் ஓ.எம்.ஆர்.தான். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது இந்த ஊரும் காஞ்சிபுரத்தை விட்டு அதோடு போய்விட்டது. காஞ்சிபுரம் ஜில்லா என்று விலாசம் எழுதிப் பழகிய கை இன்னும் தடுமாறுகிறது.

ஒரு காலத்தில் இந்தப் பக்கம் உப்புக்குப் பெயர் போனது. இன்றைக்கு எதற்குப் பெயர் என்று தெரிய வேண்டுமானால் போர்டுகளைப் படித்துக்கொண்டே நடந்தால் போதும். ஒரு டீக்கடை, ஒரு மாடுலர் கிச்சன். ஒரு மெடிக்கல் ஷாப், ஒரு ஃபால்ஸ் சீலிங். ஒரு பரோட்டாக் கடை, மாடியில் 'ஹோம் இன்டீரியர்ஸ் - 45 நாளில் கனவு இல்லம்'. பரோட்டா ரெடியாக ஐந்து நிமிஷம், கனவு ரெடியாக 45 நாள். கணக்கு சரிதான்.

என் நண்பன் ஒருவன் இந்த ஊரில் ஐந்தாவது மாடியில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். சிறுசேரிப் பக்கம் ஐ.டி. வேலை. மனைவிக்கும் ஐ.டி. வேலை. அப்பா காலமான பிறகு அம்மா மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இவர்களோடு வந்துவிட்டார். "மச்சான், இன்டீரியர் பண்றவர் சனிக்கிழமை வர்றார். நீ நாலு ஊர் பாத்தவன், பி.காம். வேற படிச்சிருக்கே. கூட இரு" என்றான். ரசனைக்காகக் கூப்பிட்டானா, ரசீதைச் சரிபார்க்கக் கூப்பிட்டானா தெரியவில்லை. போனேன்.

வந்தவர் சின்னப் பையன். மரியாதையான பையன். லேப்டாப்பைத் திறந்தார். ஆஹா! அதில் நண்பனின் வீடு சினிமா செட் மாதிரி ஜொலித்தது. ஹாலில் 'எல்' வடிவ சோபா. எதிரே சுவர் முழுக்கப் பளபளவென்று டி.வி. பேனல். மேலே ஃபால்ஸ் சீலிங், அதன் ஓரத்தில் ஒளிந்து மினுக்கும் விளக்குகள். மூலையில் ஒரு பொம்மைச் செடி. எல்லாம் சேர்த்து 9,20,000 ரூபாய்.

"எப்படி சார் இருக்கு?"

அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கேயோ இடித்தது. என்ன என்று எனக்குப் பிடிபடும் முன்பே நண்பனின் அம்மா கேட்டுவிட்டார்: "ஏன் தம்பி, இந்தப் படத்துல மனுஷாளே இல்லியே?"

பையன் சிரித்தார். "ஆன்ட்டி, இது த்ரீ-டி டிசைன். ஆள் போட மாட்டோம்."

"அதான் கேக்கறேன். நான் எங்க உக்காருவேன்?"

அறையில் சின்ன மௌனம். இரண்டு மாதமாக அந்த அம்மாள், "நான் ஊருக்கே போறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊரில் திண்ணை உண்டு, தெரு உண்டு, போகிற வருகிற ஆட்கள் உண்டு. இங்கே? காலையில் மகனும் மருமகளும் ஆளுக்கொரு அறையில் லேப்டாப்பைத் திறந்து, "கேன் யூ ஹியர் மீ?" என்று ஆரம்பித்தால், அம்மா மிக்ஸி போடவும் பயந்துகொண்டு ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கவேண்டியது. அந்த 9,20,000 ரூபாயில் அந்த நாற்காலிக்கு மாற்று எதுவும் இல்லை. சோபாவா? அது ஆழமானது. ஒரு தடவை உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

விஷயம் இப்போது சோபாவைத் தாண்டிவிட்டது என்று புரிந்தது. இந்த வீட்டில் மூன்று பேரும் இருப்பார்களா, இரண்டு பேர் மட்டும்தானா என்பதே கேள்வி.

பேப்பரையும் பேனாவையும் எடுத்தேன். பி.காம். புத்தி, சும்மா இருக்குமா?

ஃப்ளாட் 1,080 சதுரடி என்று விற்றிருக்கிறார்கள். சதுரடி 5,500 ரூபாய் வீதம் 59,40,000. ஆனால் 1,080-ல் லிஃப்ட், படிக்கட்டு, வராந்தா எல்லாம் சேர்த்தி. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 'கார்ப்பெட் ஏரியா' எவ்வளவு என்று தனியாகச் சொல்லவேண்டும் என்கிறது. அதாவது வெளிச்சுவர், பால்கனி தவிர்த்து உள்ளே நாம் புழங்கும் இடம். நண்பனுக்கு அது 760 சதுரடி. 59,40,000-ஐ 760-ஆல் வகுத்தால், நிஜமாகக் கால் வைக்கும் ஒவ்வொரு சதுரடியும் 7,816 ரூபாய்!

இப்போது சோபாவுக்கு வருவோம். ஒன்பது அடிக்கு ஆறு அடி 'எல்'. தரையில் பிடிக்கிற இடம் 36 சதுரடி. சோபா விலை 60,000. அது உட்கார்ந்திருக்கும் இடத்தின் விலை 2,81,376!

"டேய், சோபாவில நீ உக்காரலை. உன் தலைமேல சோபா உக்காந்திருக்கு" என்றேன்.

வீட்டுச் சாமான் ஒவ்வொன்றும் நமக்கு ஒரு குடித்தனக்காரர். அது பிடித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வாடகை கட்டுகிறதா என்று பாருங்கள். வாடகை பணமாக வரவேண்டாம், பயனாக வந்தால் போதும். தினமும் நாலு பேர் புழங்குகிற சாமான் தாராளமாக இருக்கட்டும். தீபாவளிக்கு மட்டும் வருகிற மாமாவுக்காக 36 சதுரடி வருஷம் பூரா காத்திருந்தால்... நோட்டீஸ் அனுப்ப வேண்டியதுதான்.

அடுத்தது ஜன்னல். ஹால் 12-க்கு 15 அடி, 180 சதுரடி. நம் நாட்டின் தேசிய கட்டட விதித் தொகுப்பு, வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது, கதவைக் கணக்கில் சேர்க்காமல், ஜன்னல் என்று திறப்பு இருக்கவேண்டும் என்கிறது. 180-ல் ஆறில் ஒன்று 30. பில்டர் கிழக்குச் சுவரில் ஆறு அடிக்கு ஐந்து அடி ஜன்னல் வைத்திருக்கிறார். 30 சதுரடி, பாஸ். ஆனால் அது தள்ளுகிற ஜன்னல். ஒரு சமயத்தில் பாதிதான் திறக்கும். அந்தத் திறக்கிற பாதிமேல்தான் டிசைனில் டி.வி. பேனல்!

கிழக்கு ஜன்னல் என்றால் கேளம்பாக்கத்தில் சாதாரணமா? வெயில் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வருகிற வாசல் அது. கடல் ஐந்து கிலோமீட்டர்தான். அங்கிருந்து பார்த்தால் உப்பளமும் அதற்குப் பின்னால் கழிமுகத் தண்ணீரும் தெரியும். அதை மறைத்து டி.வி. வைத்து, டி.வி.யில் கடல் பார்ப்பதாம்!

"சார், கொஞ்சம் டைம் குடுங்க" என்று பையனை அனுப்பிவிட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவையும் சேர்த்து நாலு பேரும் காரில் கிளம்பினோம். எங்கே? பத்து கிலோமீட்டர் தள்ளி முட்டுக்காட்டுக்கு.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையை நீங்கள் காலையில் ஒரு தடவையாவது பார்க்கவேண்டும். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். வெயில் ஏற ஏறக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கியது போல மின்னும். கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, காயவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பாகச் சேர்க்கிறார்கள். வரப்பு, வாய்க்கால், சரிவு எல்லாம் வெயிலுக்கும் காற்றுக்கும் தகுந்தபடி. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு இன்டீரியர் டிசைன்தான். என்ன, கூரை இல்லை.

கோவளத்தில் இடதுபக்கம் திரும்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பாலத்தையும் படகுத் துறையையும் தாண்டினால் தட்சிணசித்ரா. 1984-ல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் உருவாக்கிய இடம். 1996 டிசம்பரில் திறந்தார்கள். பத்து ஏக்கர். வளாகத்தின் கட்டட அமைப்பில் லாரி பேக்கரின் கை இருக்கிறது. ஆனால் விசேஷம் உள்ளே இருக்கும் வீடுகள். தென் மாநிலங்களில் இடிக்க இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண், உத்தரம், கதவு என்று பிரித்து லாரியில் ஏற்றி வந்து, அந்தந்த ஊர்த் தொழிலாளிகளை வைத்தே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். (செவ்வாய்க்கிழமை விடுமுறை. போய்க் கதவைத் தட்டாதீர்கள்.)

எல்லோரும் அங்கே தூணோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் இஞ்ச் டேப்போடு போனோம். காவலர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

முதலில் செட்டிநாட்டு வீடு. நண்பன் பர்மா தேக்குத் தூணைத் தடவிக்கொண்டு நின்றான். நான் அமைப்பைக் காட்டினேன். முகப்பு வியாபாரத்துக்கு. வருகிறவர் உட்கார்ந்து கணக்கு வழக்குப் பேசும் இடம். அதைத் தாண்டினால் முற்றம், சுற்றிலும் குடும்பம் புழங்கும் வளவு. கடைசியில் சமையல் கட்டு. முன்னால் ஆபீஸ், பின்னால் வீடு. நடுவில் வெளிச்சமும் காற்றும் வர வானம் பார்த்த முற்றம். தொழில் பேச வந்தவர் குடும்பத்தைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. குடும்பத்தாருக்கும் அவரைத் தாண்டவேண்டிய அவசியம் இல்லை.

அடுத்து காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு. இங்கேதான் நண்பனின் மனைவி நின்றுவிட்டார். வீட்டுக்குள்ளேயே தறி. குழித்தறி. தரையில் குழி வெட்டி, நெசவாளர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிறார். கைக்கு எட்டும் உயரத்தில் பாவு. மண் குழியின் ஈரம் நூல் சட்டென்று அறாமலிருக்க உதவும்.

"அண்ணா, இது ஒர்க் ஸ்டேஷன்!" என்றார் அவர். "நாங்க கட்டில்ல சாஞ்சு மடியில லேப்டாப் வெச்சுக்கிட்டு முதுகுவலின்னு அழறோம். இவங்க உக்கார்ற இடத்துக்காகத் தரையையே வெட்டியிருக்காங்க."

அதுதான் விஷயம். அந்த வளாகத்தில் ஒவ்வொரு வீடாகப் பாருங்கள். குயவர் வீட்டில் சக்கரம் சுற்ற இடம் வேண்டும், பானை காய இடம் வேண்டும். விவசாயி வீட்டில் நெல் சேர்க்க இடம் வேண்டும். தெலங்கானாவின் கொய்யலகூடத்து வீடும் நெசவாளர் வீடுதான். வடக்கு ஆந்திரக் கடலோரத்து வட்ட வீடு புயலுக்குப் பயந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது. கூரை தாழ்வு, சுவர் வட்டம். காற்று முட்டிக்கொள்ள மூலை கிடையாது. யாரும் 'கான்செப்ட்' பேசவில்லை. இங்கே யார் இருக்கப் போகிறார்கள், என்ன வேலை செய்யப் போகிறார்கள், எந்தப் பக்கத்துக் காற்று - இந்த மூன்று கேள்விக்குப் பதில்தான் வீடாக நிற்கிறது.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்ததும் ஓ.எம்.ஆர். ஆபீஸ்கள் எல்லாம் வீட்டுக்கு இடம் மாறின. என்னமோ உலகத்திலேயே முதல் தடவை என்பது போல் 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்று பெயர் வைத்தோம். தாத்தா காலத்தில் பாதி ஊர் ஒர்க் ஃப்ரம் ஹோம்தான் சார்! வித்தியாசம் ஒன்று: அவர்கள் வீட்டைக் கட்டும்போதே வேலையை மனதில் வைத்தார்கள். நம் ஃப்ளாட்டில் டி.வி.க்கு இடம் உண்டு, வாஷிங் மெஷினுக்கு இடம் உண்டு, பொம்மைச் செடிக்குக்கூட உண்டு. சோறு போடும் வேலைக்கு மட்டும் கட்டில் விளிம்பு.

அதற்காகப் பழைய வீடெல்லாம் சொர்க்கம் என்று நான் கற்பூரம் காட்டவில்லை. பழைய வீடுகளில் பல சமையலறைகள் இருட்டு. புகையில் கண்ணைக் கசக்கியது யார் என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள். எல்லாத் திண்ணையும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. யார் திண்ணையில் ஏறலாம், யார் தெருவிலேயே நிற்கவேண்டும் என்பதை ஜாதி எழுதி வைத்திருந்தது. அதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, அளவையும் காற்றையும் மட்டும் டேப்பில் பிடித்துக்கொண்டு வந்தோம்.

அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாளிடம், "உங்களுக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பித்து மகள் கல்யாணம் வரைக்கும் போயிருந்தார். இரண்டு மாதத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. நண்பன் டேப்பை எடுத்துப் போய் அந்தத் திண்ணையின் உயரத்தை அளந்தான். ஒன்றும் பேசவில்லை. அளந்து, குறித்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் லாரி பேக்கர் பற்றிப் பேச்சு வந்தது. 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, 1945-ல் இந்தியா வந்து, பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்தவர். வீடு கட்டும் பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்கவேண்டும் என்று காந்திஜி சொன்னதை அவர் கடைசிவரை பிடித்துக்கொண்டார். செங்கல்லைக் குத்துக்கல்லாக வைத்து நடுவில் காலி விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' சுவர் அவரால்தான் நம் பக்கம் பிரபலமானது. செங்கல் சுமார் கால்வாசி மிச்சம், உள்ளே சூடும் இறங்காது. இடித்த வீட்டு ஜன்னல்களை வாங்கிப் புது வீட்டில் வைத்தவர். அவரிடம் போய் ஃபால்ஸ் சீலிங் என்றால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே வந்தோம்.

வீடு இருக்கட்டும், ஆபீஸ்? அதையும் பேசாமல் விட முடியுமா? கேளம்பாக்கத்துக்கு வடக்கே சிறுசேரி சிப்காட்டில் டி.சி.எஸ். வளாகம் பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி நிற்கும். வரைந்தவர் உருகுவே நாட்டின் கார்லோஸ் ஓட். பாரிஸ் பாஸ்டீல் ஆபரா அரங்கத்தை வரைந்த அதே ஆள்! வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்களே உண்டு. ஆனால் ஊழியனுக்குக் கட்டடம் எவ்வளவு பெரிது என்பதைவிட, தன் நாற்காலியைச் சுற்றி ஆறடி எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். எந்த ஆபீஸானாலும் இதுதான்.

அந்த ஆறடிக்கு ஒரு சோகக் கதை உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்பவர் ஹெர்மன் மில்லர் கம்பெனிக்காக 1964-லும், மாற்றியமைத்து 1968-லும் 'ஆக்ஷன் ஆபீஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். வரிசையாக மேஜை போட்டு எல்லோரையும் பரீட்சை ஹால் மாதிரி உட்காரவைப்பதை ஒழிக்கவேண்டும், ஊழியன் தன் வேலைக்குத் தகுந்தபடி தடுப்புகளை நகர்த்திக்கொள்ளட்டும், நின்றும் வேலை செய்யட்டும் என்பது அவர் எண்ணம். கம்பெனிகள் என்ன செய்தன? அந்தத் தடுப்புகளை வைத்தே, குறைந்த இடத்தில் அதிகம் பேரை அடைக்கும் பெட்டிகளைச் செய்துகொண்டன. அதுதான் க்யூபிக்கிள். கண்டுபிடித்தவரே பிற்பாடு பார்த்து நொந்துபோனார். விடுதலைக்கு வாங்கிய சாவியை வைத்துப் பூட்டிவிட்டார்கள்!

இப்போது தடுப்பும் போய் எல்லாம் திறந்தவெளி. யாருக்கும் சொந்த மேஜை இல்லை. முதலில் வந்தவருக்கு முதல் இடம், டவுன் பஸ் மாதிரி கர்ச்சீப் போடாத குறை. நண்பன் ஆபீஸில் வண்ண வண்ண மெத்தை மூட்டை போட்டு 'கிரியேட்டிவ் ஸோன்' வைத்திருக்கிறார்களாம். யாரும் அங்கே உட்காருவதில்லை. எல்லா முக்கிய விஷயமும் டீ மெஷினுக்குப் பக்கத்து ஜன்னல் திட்டில்தான் முடிவாகிறது. ஏன்? அங்கே வெளிச்சம் இருக்கிறது, முதுகு சாய்க்கச் சுவர் இருக்கிறது, போகிறவன் வருகிறவன் தெரிகிறான். அதுதான் சார் திண்ணை! யாரும் டிசைன் பண்ணவில்லை, தானாக அமைந்துவிட்டது. நீங்கள் மேனேஜர் என்றால், எந்த நாற்காலி வாங்குவது என்று கேட்டலாக் பார்க்கும் முன், உங்கள் ஆட்கள் இப்போது எங்கே போய் நிற்கிறார்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். அங்கே செலவு பண்ணுங்கள்.

திங்கட்கிழமை நண்பன் அந்த டிசைன் பையனையே மறுபடி கூப்பிட்டான். கூடவே திருப்போரூர்ப் பக்கத்து ஆசாரி ஒருவரையும். பையன் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், "எல்லாரும் படத்தைப் பாத்துதான் சார் முடிவு பண்றாங்க. யார் எங்க உக்காருவாங்கன்னு இதுவரைக்கும் யாரும் பேசினதே இல்லை" என்றார். பாவம், தப்பு அவர்மேல் மட்டும் இல்லை. படம் கேட்பது நாம்தானே!

கடைசியில் என்னதான் செய்தார்கள்? உங்களுக்கும் உதவும், எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

திண்ணை: 'எல்' சோபா ரத்து. கிழக்கு ஜன்னலை ஒட்டி ஏழு அடி நீளம், இருபது அங்குல அகலத்தில் மர பெஞ்சு. உயரம் முட்டுக்காட்டில் அளந்ததல்ல, அம்மாவின் முழங்காலை அளந்து: 17 அங்குலம். அடியில் போர்வை வைக்க இழுப்பறை. பிடித்த இடம் 12 சதுரடிகூட இல்லை. இடத்தின் விலை சுமார் 91,000. மிச்ச இடத்தில் நாலு லேசான நாற்காலி, வேண்டியபோது இழுத்துக்கொள்ளலாம்.

காற்று: டி.வி. வேறு சுவருக்குப் போனது, சின்னதாக. ஜன்னலுக்கு எதிரே சமையலறைக் கதவு. அதைத் திறந்து வைத்தால் காற்று உள்ளே வந்து வெளியே போகும். காற்றுக்கு வர ஒரு வழி மட்டும் இருந்தால் அது வராது. போகவும் வழி வேண்டும்.

மேலே: ஃபால்ஸ் சீலிங் கட். ஒன்பதரை அடி உயரத்தில் ஒன்பது அங்குலத்தைக் கீழே இறக்கினால் மிஞ்சுவது எட்டே முக்கால் அடி. அதில் ஃபேனைத் தொங்கவிட்டால் ஆள் கை தூக்கிச் சட்டை போட முடியாது. குடியிருக்கும் அறைக்கு உயரம் 2.75 மீட்டராவது, அதாவது ஒன்பது அடி வேண்டும் என்பது அதே விதித் தொகுப்பு.

வேலை: ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு அறையில். உயரம் 29 அங்குலம். ஜன்னல் பக்கவாட்டில். முகத்துக்கு நேரே ஜன்னல் இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பளபளக்கும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில். இல்லையென்றால் அடியில் நாலு தடிப் புத்தகம் வையுங்கள் (என் புத்தகம் இன்னும் வரவில்லை, வந்ததும் சொல்கிறேன்). மிச்சப்பட்ட காசில் இரண்டு நல்ல நாற்காலி. இதில் மட்டும் பேரம் பார்க்காதீர்கள்.

சமையல்: மாடுலர் கிச்சனுக்குப் பாட்டி யார் தெரியுமா? 1926-ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் மார்கரெட்டெ ஷூட்டெ-லிஹோட்ஸ்கி என்ற பெண் வரைந்த சமையலறை. ரயில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையலறையை மாதிரியாக வைத்து, எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்கவேண்டியிருக்கிறது என்று பார்த்து, 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டரில் அடக்கினார். சுமார் 70 சதுரடி! சுமார் 10,000 வீடுகளில் வைத்தார்கள். ஒரே குறை, இரண்டாவது ஆள் உள்ளே வர இடமில்லை. "அப்ப அவர் தப்பிச்சாரா?" என்று நண்பனின் மனைவி கணவனைப் பார்த்தார். ஆகவே இங்கே இரண்டு பேர் நிற்கும்படி மேடை. உயரம், சமைக்கிறவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே. 'நாங்களும் சமைக்கிறோம்' என்று வாக்குறுதி கொடுத்ததால் நண்பன் முழங்கையையும் அளந்து சராசரி எடுத்தோம்.

உப்பு: "அண்ணே, இது கடக்காத்து ஊரு" என்று ஆசாரியே ஆரம்பித்தார். எம்.ஆர். பிளைவுட் என்றால் லேசான ஈரம் தாங்கும், தண்ணீர் தாங்காது. சிங்க்குக்குக் கீழே ஐ.எஸ். 710 முத்திரை போட்ட பி.டபிள்யூ.பி. பலகைதான். கீல், கைப்பிடி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உப்பளத்துக்கு எதிரே இரும்புக் கீல் போடுவது எறும்புப் புற்றுக்கு எதிரே சர்க்கரைக் கடை வைப்பது போல.

விளக்கு: வேலை மேஜைக்கு 4,000 கெல்வின் வெள்ளை. ஹாலுக்கு 3,000-க்குள் மஞ்சள். ஹாலிலும் வெள்ளை வெளேரென்று போட்டால் ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வந்தவர் பழம் வாங்கிக்கொண்டு வருவார்.

மொத்தம் 4,75,000 ரூபாய். முதல் மதிப்பீட்டில் கிட்டத்தட்ட பாதி. மிச்சத்தை நண்பன் வீட்டுக் கடன் அசலில் கட்டிவிட்டான். (இதைக் கேட்டதும் என் பி.காம். வாத்தியார்களை நினைத்துக்கொண்டேன்.)

அம்மா ஊருக்குப் போவது பற்றி இப்போது பேசுவதில்லை. சாயங்காலம் நாலு மணிக்குக் கடல் காற்று வந்ததும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார். எதிர் ஃப்ளாட் தெலுங்கு அம்மாள் ஒருவர் வந்து பக்கத்தில் உட்காருகிறார். இவருக்குத் தெலுங்கு தெரியாது, அவருக்குத் தமிழ் அரைகுறை. பேச்சு மட்டும் நிற்பதில்லை என்று நண்பன் போனில் சொன்னான். உள்ளே கூப்பிட்டால், "மீட்டிங்ல இருக்கேன்டா" என்கிறாராம்.

அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம். உங்கள் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு உட்காரும் சாமானையும் ஒரு பேப்பரில் எழுதுங்கள். போன மாதம் அதில் யார், எத்தனை நாள் உட்கார்ந்தார்கள் என்று பக்கத்தில் போடுங்கள். பூஜ்யம் வந்த சாமானை விற்றுவிடுங்கள். அதற்கப்புறம் வீட்டில் இருக்கிறவர்களின் பெயரை எழுதுங்கள். யாராவது ஒருவருக்கு நேராக ஒரு இடமும் இல்லை என்றால், உங்கள் முதல் செலவு அதுதான். டிசைனர் அப்புறம் வரட்டும்.